மருந்துச் சீட்டு முதல் பாடப்புத்தகம் வரை: குழப்பும் ஆங்கிலச் சொற்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் அபூர்வமான சொல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் நாம் தினமும் வாயில் போட்டு மெல்லும் சொற்கள்தான், தொல்லையும் அதிலிருந்தே வருகிறது. பேச்சில் ஒரு பொருளில் பழகிய சொல் லேப் ரிப்போர்ட்டிலோ மருந்து அட்டையிலோ இயற்பியல் பாடத்திலோ வேறு பொருளில் நிற்கும். நாம் பழகிய பொருளையே அங்கும் ஏற்றிப் படித்துவிடுகிறோம்.

ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் நல்லதா, கெட்டதா?

நல்லது கெட்டது என்ற பேச்சே அதில் இல்லை. தேடிய பொருள் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் சிறுநீரில் எச்.சி.ஜி. ஹார்மோன் இருக்கிறது. டெங்குவுக்கான என்.எஸ்.1 பாசிட்டிவ் என்றால் அந்த வைரஸின் புரதம் ரத்தத்தில் இருக்கிறது. ‘ஓ பாசிட்டிவ்’ என்பதில் உள்ள பாசிட்டிவ், சிவப்பணுக்களின் மேல் ஆர்.எச். டி என்ற புரதம் இருப்பதைச் சொல்கிறது. எனவே முதலில் கேட்க வேண்டியது, எதைத் தேடினார்கள் என்பதுதான்.

யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘நோ க்ரோத்’ என்று இருப்பதைப் பார்த்துக் குழந்தைக்கு வளர்ச்சி இல்லையோ என்று பதற வேண்டாம். மாதிரியை வளர்தட்டில் வைத்துப் பார்த்தும் கிருமி எதுவும் வளரவில்லை என்று பொருள்.

‘கிராம் பாசிட்டிவ்’ என்பதில் உள்ள கிராம் எடையா?

ஆள் பெயர். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் மருத்துவர் 1884இல் வெளியிட்ட சாயமேற்றும் முறை அது. ஊதாச் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பாக்டீரியா கிராம் பாசிட்டிவ். ஆல்கஹாலில் கழுவும்போது ஊதாவை விட்டுவிட்டு, அடுத்துப் போடும் சாயத்தில் இளஞ்சிவப்பாக மாறுவது கிராம் நெகட்டிவ். செல்சுவரின் அமைப்புதான் காரணம். எந்த ஆன்டிபயாட்டிக் வேலை செய்யும் என்று மருத்துவர் ஊகிக்க இந்த நிறம் உதவும்.

‘90 சதவீதம் சரியான டெஸ்ட்’ என்கிறார்கள். பாசிட்டிவ் வந்தால் நோய் இருக்க 90 சதவீத வாய்ப்பு என்று அர்த்தமா?

இல்லை, பெரும்பாலும் அதற்கு வெகு தூரத்தில் இருக்கும். இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நோய் உள்ளவர்களில் எத்தனை பேரை டெஸ்ட் பிடிக்கிறது என்பது சென்சிடிவிட்டி. நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்பது ஸ்பெசிஃபிசிட்டி. இரண்டுமே 90 சதவீதம் என்று வைத்து ஒரு கணக்குப் போடலாம்.

1000 பேர், அவர்களில் 10 பேருக்கு மட்டும் நோய். அந்த 10இல் 9 பேரை டெஸ்ட் பிடிக்கும். மீதி 990 பேருக்கு நோய் இல்லை, ஆனால் அவர்களில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 99 பேருக்குத் தப்பாகப் பாசிட்டிவ் வரும். மொத்தப் பாசிட்டிவ் 108, உண்மையில் நோயாளிகள் 9 பேர். பன்னிரண்டில் ஒருவர்! நோய் அரிதாக இருக்கும் இடத்தில் பாசிட்டிவ் வந்தால் இன்னொரு டெஸ்ட் எடுக்கச் சொல்வது இதனால்தான். எல்லா நேரமும் அதைப் பணம் பிடுங்கும் வேலை என்று நினைக்க வேண்டியதில்லை.

‘அக்யூட்’ என்றால் கடுமையானது என்றுதானே பொருள்?

மருத்துவத்தில் அது காலத்தைக் குறிக்கும் சொல். திடீரென்று தொடங்கி, பொதுவாகக் குறுகிய காலம் இருப்பது அக்யூட், நாள்பட்டது க்ரானிக். சாதாரணச் சளிகூட அக்யூட்தான். மாறாக, க்ரானிக் என்பதற்கு ‘லேசானது’ என்று பொருள் கிடையாது. சிறுநீரகப் பாதிப்பு மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் க்ரானிக் என்கிறார்கள், அது டயாலிசிஸ் வரை போகலாம். வலி எவ்வளவு கடுமை என்று சொல்ல மைல்ட், மாடரேட், சிவியர் என்ற வேறு சொற்கள் இருக்கின்றன. ‘அக்யூட் சிவியர்’ என்று இரண்டும் சேர்ந்து வருவது அதனால்தான்.

ஹைப்பர், ஹைப்போ: காதில் விழும்போது இரண்டும் ஒன்று போலவே இருக்கிறதே?

ஆமாம், ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கும் இதே சிக்கல்தான். ஹைப்பர் அதிகம், ஹைப்போ குறைவு. ஆனால் போனில் கேட்டு முடிவெடுக்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஹைப்போகிளைசீமியா. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சில் குழறல் வரும். நினைவோடு இருப்பவருக்கு 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்ப அளக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நேராக ஆஸ்பத்திரிதான்.

தைராய்டு ரிப்போர்ட்டில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். டி.எஸ்.எச். அதிகமாக இருப்பதைப் பார்த்து ‘எனக்கு ஹைப்பர்’ என்று சொல்லிவிடுகிறார்கள். டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பியிலிருந்து வருவதில்லை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைப் பார்த்து ‘வேலை செய்’ என்று போடும் அதட்டல் அது. தைராய்டு மந்தமாக இருந்தால் அதட்டல் கூடும். ஆகவே டி.எஸ்.எச். கூடினால் பெரும்பாலும் ஹைப்போ, குறைந்தால் பெரும்பாலும் ஹைப்பர்.

மருந்துச் சீட்டில் ஓ.டி., பி.டி., டி.டி.எஸ்., எஸ்.ஓ.எஸ். என்பவை என்ன?

எல்லாம் லத்தீன் சுருக்கங்கள், ஆங்கில அகராதியில் தேடி அலைய வேண்டாம். ஓ.டி. ஒரு நாளுக்கு ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை. எச்.எஸ். படுக்கப் போகும்போது, ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின். ‘ஸ்டாட்’ என்றால் உடனே.

எஸ்.ஓ.எஸ். என்றதும் கப்பல் மூழ்கும் அபாய அறிவிப்பு நினைவுக்கு வரும். சீட்டில் அதற்குத் ‘தேவைப்பட்டால்’ என்று மட்டுமே பொருள். காய்ச்சல் இருந்தால் போடு, இல்லாவிட்டால் விடு. தேவைப்பட்டால் என்பதற்காக நினைத்த நேரமெல்லாம் போடவும் முடியாது. பாராசிட்டமால் என்றால் ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும், வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளில் மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது, கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த அளவும் அதிகம். சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கண் மருத்துவர் எழுதினால் கதை மாறும். அங்கே ஓ.டி. வலது கண், ஓ.எஸ். இடது கண், ஓ.யூ. இரண்டு கண்ணும். சொட்டு மருந்துச் சீட்டில் ஓ.டி. என்று பார்த்தால் வலது கண்ணா, ஒரு வேளையா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

‘ஸ்டோர் இன் எ கூல் ப்ளேஸ்’ என்றால் ஃபிரிட்ஜா?

பொதுவாக இல்லை. மருந்தியலில் ‘கூல்’, ‘கோல்ட்’ இரண்டும் வேறு வேறு. இந்திய மருந்தியல் நூலின் கணக்கில் கோல்ட் என்பது 8 டிகிரிக்கு மேற்படாதது, வழக்கமாக 2 முதல் 8 டிகிரி, அதாவது ஃபிரிட்ஜ். கூல் என்பது 8 முதல் 25 டிகிரி. ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லாத மாத்திரையை அங்கே வைத்தால் ஈரம் பட்டு நமத்துப்போகும். டி.வி. மேல், அடுப்பங்கரை அலமாரி, காரின் முன்பலகை மூன்றும் மோசமான இடங்கள். மே மாதத்து வேலூரில் மூடிய அறை 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், அதை ‘ரூம் டெம்பரேச்சர்’ என்று மருந்துக் கம்பெனி நினைப்பதில்லை.

இன்சுலின் திறக்காதவரை 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. உறைந்தால் உருகிய பிறகும் அதை நம்ப முடியாது. ஃப்ரீசரை ஒட்டிய தட்டில் வைப்பதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு.

‘பெஸ்ட் பிஃபோர்’, ‘எக்ஸ்பைரி’ ஒன்றுதானா?

இல்லை. முதலாவது தரத்தைப் பற்றியது: அந்தத் தேதிக்குப் பின் பிஸ்கட் மொறுமொறுப்பை இழக்கலாம். இரண்டாவது பாதுகாப்பைப் பற்றியது: அந்தத் தேதிக்குப் பின் தொடக் கூடாது. மருந்தில் எப்போதும் எக்ஸ்பைரிதான்.

டேங்கர் லாரியில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கிறது. ‘இன்’ வந்தால் எதிர்ப்பதம் ஆகாதா?

இங்கே ஆகாது. ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டுக்கும் ஒரே பொருள்: எளிதில் தீப்பிடிக்கும். ‘தீயிடு’ என்ற பொருள் தரும் லத்தீன் வினையிலிருந்து இன்ஃப்ளேமபிள் வந்தது, அதிலுள்ள ‘இன்’ எதிர்மறை இல்லை. இந்தக் குழப்பம் உயிரையே வாங்கும் என்பதால் இப்போது எச்சரிக்கைப் பலகைகளில் ஃப்ளேமபிள் என்ற சொல்லையே விரும்புகிறார்கள். தீப்பிடிக்காதது ‘நான்-ஃப்ளேமபிள்’. வீக்கம், சிவப்பு, வலியைக் குறிக்கும் ‘இன்ஃப்ளமேஷன்’ என்ற மருத்துவச் சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். தமிழில் அதற்கு அழற்சி என்கிறோம், அழல் என்றாலும் தீதான்.

பெட்ரோல் ‘ஆர்கானிக்’ சேர்மம் என்கிறது பாடம். அப்படியானால் ஆர்கானிக் காய்கறி?

வேதியியலில் ஆர்கானிக் என்றால் கார்பன் சேர்மம். சில எளிய சேர்மங்கள், கார்பன் டை ஆக்சைடு போன்றவை, விலக்கு. பெட்ரோல், பிளாஸ்டிக், சர்க்கரை, சில பூச்சிக்கொல்லிகள் எல்லாம் அந்த வகையில் ஆர்கானிக். காய்கறிக் கடையில் ஆர்கானிக் என்றால் செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் இல்லாமல், ஒரு சான்றிதழ் முறைக்கு உட்பட்டு விளைந்தது. இந்தியாவில் அட்டையில் ஆர்கானிக் சான்றிதழ் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். ‘நேச்சுரல்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது இதற்கு ஈடாகாது.

இரண்டு பொருளும் முட்டிக்கொள்ளும் இடம் யூரியா. 1828இல் ஃப்ரீட்ரிக் வோலர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் ஆய்வகத்தில் யூரியாவைத் தயாரித்தார். உயிருள்ளவற்றின் உடலில் மட்டுமே உருவாகும் என்று நம்பப்பட்ட பொருள் அது. ஆர்கானிக் வேதியியலின் வரலாறு பேசும் எல்லாப் புத்தகத்திலும் இந்த நிகழ்ச்சி உண்டு. ஆனால் கடையில் விற்கும் யூரியா மூட்டையை, 45 கிலோவில் 46 சதவீதம் நைட்ரஜன் கொண்ட அதே சேர்மத்தை, ஆர்கானிக் வயலில் ஒரு பிடி போட்டாலும் சான்றிதழ் போய்விடும்.

‘1:4 டைல்யூட்’ என்பதை எப்படிக் கலப்பது?

ஒரு பங்கு மருந்து, நான்கு பங்கு தண்ணீர், மொத்தம் ஐந்து பங்கு. ‘1 இன் 4’ என்று எழுதியிருந்தால் வேறு: மொத்தமே நான்கு பங்கு, அதில் ஒன்று மருந்து. சிலர் 1:4 என்று எழுதிவிட்டு இரண்டாவதை நினைத்திருப்பார்கள், அதனால் சதவீதத்தை வைத்துச் சரிபார்ப்பதே உறுதி. 5 சதவீத ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினிக் கரைசலை 1 சதவீதமாக்க 200 மில்லியுடன் 800 மில்லி தண்ணீர் சேர்த்தால் ஒரு லிட்டர் கிடைக்கும். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். கழிவறை கழுவும் ஆசிட்டோடு இதைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது ஆளையே சாய்த்துவிடும்.

ஆய்வகத்தில் அடர் சல்ஃபியூரிக் அமிலத்தை டைல்யூட் செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும். மாற்றிச் செய்தால் அமிலத்தின் மேல் விழுந்த நீர் அந்த வெப்பத்தில் கொதித்து, அமிலத்தையும் சேர்த்து முகத்தில் தெறிக்கும்.

‘மாஸ்’, ‘வெயிட்’ என்ன வேறுபாடு? தமிழ்ப் புத்தகங்களும் ஒத்துப்போகவில்லையே?

முதல் வரிசையில் விசிலடிக்கும் மாஸை விட்டுவிடுவோம். இயற்பியலில் மாஸ் என்பது பொருளில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறது என்பது, அலகு கிலோகிராம். வெயிட் என்பது அதைப் புவி இழுக்கும் விசை, அலகு நியூட்டன். 60 கிலோ மனிதரின் வெயிட் இங்கே ஏறத்தாழ 588 நியூட்டன். நிலவில் அது சுமார் 97 நியூட்டனாகக் குறையும், மாஸ் அதே 60 கிலோதான். ‘என் வெயிட் 60 கிலோ’ என்று பேச்சில் சொல்வதில் தவறில்லை, தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும்.

தமிழில் உண்மையிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் மாஸ் என்பது நிறை, வெயிட் என்பது எடை. இலங்கைப் பாடநூலில் மாஸ் என்பது திணிவு, வெயிட் என்பது நிறை. அதாவது ‘நிறை’ என்ற ஒரே சொல் கடலின் இந்தப் பக்கம் ஒன்றையும் அந்தப் பக்கம் வேறொன்றையும் குறிக்கிறது. யாழ்ப்பாணத்து வினாத்தாளைச் சென்னை மாணவர் எடுத்துப் பயிற்சி செய்தால் விடை 9.8 மடங்கு பிசகும். மற்ற சொற்களில் இந்த அபாயம் குறைவு: நாம் முடுக்கம் என்பதை அங்கே ஆர்முடுகல் என்கிறார்கள், ஒளிச்சேர்க்கையை ஒளித்தொகுப்பு என்கிறார்கள், எலக்ட்ரானை இலத்திரன் என்கிறார்கள். பழகாத சொல் என்று கண்ணுக்கே தெரியும், எனவே விழிப்பாக இருப்போம்.

‘அக்யுரசி’, ‘ப்ரிசிஷன்’?

உண்மை மதிப்புக்கு எவ்வளவு அருகே என்பது அக்யுரசி. திரும்பத் திரும்ப அளந்தால் எவ்வளவு ஒன்று போல வருகிறது என்பது ப்ரிசிஷன். 49 கிலோ மூட்டையை மூன்று முறையும் 50.2 என்று காட்டும் தராசுக்கு ப்ரிசிஷன் உண்டு, அக்யுரசி இல்லை. இந்த மாதிரிப் பிழையைச் சராசரி எடுத்துச் சரிசெய்ய முடியாது, தராசைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

‘ஹாஃப் லைஃப்’ 8 நாள் என்றால் 16 நாளில் முழுவதும் போய்விடுமா?

போகாது, கால்வாசி மிஞ்சும். ஒவ்வொரு 8 நாளிலும் ‘இருப்பதில்’ பாதி போகிறது. தைராய்டு சிகிச்சையில் தரும் அயோடின்-131இன் ஹாஃப் லைஃப் சுமார் 8 நாள். 24 நாளில் எட்டில் ஒரு பங்கு, 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இது கதிரியக்கச் சிதைவை மட்டும் பார்த்த கணக்கு. உடலிலிருந்து சிறுநீர் வழியாகவும் அது வெளியேறுவதால் உண்மையில் இன்னும் வேகமாகக் குறையும். ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீஷியம்-99எம்-இன் ஹாஃப் லைஃப் 6 மணி நேரம், காலையில் ஊசி போட்டால் மறுநாள் காலை பதினாறில் ஒரு பங்கு. சாதாரண மருந்துகளுக்கும் இச்சொல் உண்டு, ஒரு மாத்திரையை நாளுக்கு எத்தனை வேளை தர வேண்டும் என்று முடிவு செய்வதில் அதற்குப் பெரிய பங்கு.

‘அது வெறும் தியரிதானே’ என்று சொல்லலாமா?

டீக்கடையில் சொல்லலாம். அறிவியலில் அந்த இடத்துக்கு உரிய சொல் ஹைபாதிசிஸ், அதாவது கருதுகோள்: இனிமேல்தான் சோதிக்க வேண்டிய ஊகம். தியரி, அதாவது கோட்பாடு, பல சோதனைகளைத் தாண்டி நிற்கும் விளக்கம். ‘லா’, அதாவது விதி, என்ன நடக்கிறது என்று சொல்லும். தியரி ஏன் நடக்கிறது என்று சொல்லும். தியரி முற்றினால் லா ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி ஒரு பதவி உயர்வு கிடையாது. நியூட்டனின் ஈர்ப்பு விதி 1687இல் வந்தது. புதன் கோளின் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை) கூடுதலாக விலகுவதை அதனால் விளக்க முடியவில்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் ‘தியரி’ விளக்கியது. இங்கே தியரிதான் விதியைத் திருத்தியது.

‘ஸ்டாட்டிஸ்டிக்கலி சிக்னிஃபிகன்ட்’ என்றால் முக்கியமான முடிவா?

அவசியம் இல்லை. உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இந்த அளவு வித்தியாசம் தெரிய வாய்ப்பு குறைவு (வழக்கமாக 5 சதவீதத்துக்கும் கீழே) என்பதே பொருள். பல்லாயிரம் பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஒரு மருந்து ரத்த அழுத்தத்தை 1 மி.மீ. குறைத்தாலே சிக்னிஃபிகன்ட் ஆகிவிடலாம். நோயாளிக்கு அதனால் சல்லிக்காசு பயன் இருக்காது. செய்தியில் இச்சொல்லைப் பார்த்தால் எவ்வளவு குறைந்தது என்ற எண்ணைத் தேடுங்கள்.

பாக்டீரியா ஒருமையா, பன்மையா?

பன்மை. ஒருமை பாக்டீரியம். க்ரைடீரியா பன்மை, ஒருமை க்ரைடீரியன். ஃபினாமினா பன்மை, ஒருமை ஃபினாமினன். டேட்டா மட்டும் இப்போது ஒருமையாகவும் செல்லும், ஆய்வுக் கட்டுரையில் பன்மையாக எழுதுவோர் உண்டு. தமிழில் ‘பாக்டீரியாக்கள்’ என்று எழுதுவதைக் கேலி செய்ய வேண்டியதில்லை, கடன் வாங்கிய சொல்லுக்கு நம் இலக்கணம்தான். ஆங்கிலத்தில் எழுதும்போது எக்விப்மென்ட், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன் மூன்றுக்கும் ‘ஸ்’ சேர்க்காதீர்கள்.

நம் ஊர் ஆங்கிலத்தில் வெளிநாட்டில் மாட்டிவிடும் சொற்கள் எவை?

‘ஐ பாஸ்டு அவுட் இன் 2015’ என்றால் அமெரிக்கர் காதில் ‘2015இல் மயங்கி விழுந்தேன்’ என்று விழும், ‘கிராஜுவேட்டட்’ என்று சொல்லுங்கள். ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றால் பாடத்தையே நம்பவில்லை என்று ஆசிரியர் நினைக்கக்கூடும், ‘கொஸ்டின்’ போதும். ‘ரிவர்ட்’ என்பதற்குப் பழைய நிலைக்குத் திரும்புதல் என்று பொருள், பதில் எழுத ‘ரிப்ளை’. ‘டிஸ்கஸ் அபவுட்’ எங்கேயும் தவறு, டிஸ்கஸ் என்பதிலேயே ‘பற்றி’ அடங்கிவிட்டது.

‘ப்ரீபோன்’ இந்தக் கூட்டத்தில் சேராது. இந்திய வழக்கு என்ற குறிப்போடு ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே இருக்கிறது, போஸ்ட்போனுக்கு எதிர்ச்சொல்லாக அதைவிடச் சுருக்கமானது ஆங்கிலத்தில் இல்லை. இந்தியாவுக்குள் தயங்காமல் எழுதலாம். சகலையைக் ‘கோ-பிரதர்’ என்பதும் அப்படித்தான். அதற்கென்று ஆங்கிலேயரிடம் தனிச் சொல் கிடையாது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன அறிவியல் சொல் உண்டா?

உண்டு: கொரண்டம். நம் குருந்தம்தான். அலுமினியம் ஆக்சைடு கனிமம், மோஸ் கடினத்தன்மை அளவில் 9, அந்த அளவுகோலில் வைரத்துக்கு அடுத்த படி. குரோமியம் கலந்து சிவந்தால் மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறைகளில் குருந்தம் கிடைக்கிறது. வெட்டிவேர், சுருட்டு, மிளகுத்தண்ணி, கட்டுமரம் ஆகியவையும் ஆங்கிலத்தில் குடியேறியவை. கட்டுமரம் மட்டும் அங்கே போய் உருமாறிவிட்டது, கட்டிய மரங்களை விட்டுவிட்டு இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களை நம்ப வேண்டாம். ‘ஒன்’ ஒன்றிலிருந்து வந்ததில்லை, அது லத்தீன் ‘ஊனுஸ்’ என்பதோடு ஒரே குடும்பம். ‘கேஷ்’ பாதி உண்மை: ரொக்கம் என்ற பொருளில் உள்ள கேஷ், பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. இந்தியா, சீனா பக்கத்துச் சிறு நாணயத்தைக் குறித்த இன்னொரு ‘கேஷ்’ ஆங்கிலத்தில் இருந்தது, காசு என்ற தமிழ்ச் சொல் போர்த்துகீசியர் வாய் வழியாகப் போய்ச் சேர்ந்தது அதில்தான்.